தீவாந்தரம் வந்த ஓட்டனைத் தேடி: பினாங்கிலிருந்து ஒரு தேடல் குறிப்பு

எங்கள் ஓட்டன், அதாவது தாத்தாவின் தாத்தா, மருது பாண்டியர் படையில் இருந்தவர், வெள்ளைக்காரன் பிடித்துக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பிவிட்டான் என்று எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். கல்யாணமோ கருமாதியோ, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் சொந்தபந்தம் கூடுவதோ, யாராவது ஒரு பெரியவர் இந்தக் கதையை எடுக்காமல் இருக்கமாட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இதை ஆவணங்களில் தேடிப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். ஓரளவு கண்டுபிடித்தும் விட்டேன். தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் வரலாற்றைப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். அதற்கும் முன்னால் காலில் விலங்கோடு வந்தவர்களின் வம்சத்தார் அவ்வளவாக வாய் திறப்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்காவது இது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றியது 1786-இல். சில ஆண்டுகளிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியக் கைதிகளை இங்கே அனுப்ப ஆரம்பித்துவிட்டது. வங்காளம், சென்னை, பம்பாய் மூன்று மாகாணங்களிலிருந்தும் வந்தார்கள். நம் பக்கத்தில் தீவாந்தர சிட்சை, அதாவது கடல் கடந்து நாடுகடத்தும் தண்டனை, என்றால் அந்தக் காலத்தில் பினாங்கும் அதில் சேர்த்திதான். அந்தமானில் நிலையான கைதிக் குடியேற்றம் 1858-இல்தான் வந்தது. காடு வெட்டினது, சதுப்பை மேடாக்கினது, ரோடு போட்டது, செங்கல் சுட்டது எல்லாம் கைதிகள். கார்ன்வாலிஸ் கோட்டையின் செங்கல் சுவரையும், 1818-இல் கட்டி முடித்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தையும் எழுப்பியது அவர்கள் உழைப்பு. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போகும் அந்தச் சுவரை நான் இப்போது தொட்டுப் பார்க்காமல் கடப்பதில்லை.

மருது கதை ஆதாரம் இல்லாத கதை என்று தள்ளிவிட முடியாது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 73 பேரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அதில் சிவகங்கை அரசர் வேங்கன் பெரிய உடையணத் தேவரும் இருந்தார், சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் இருந்தான். பையனுக்கு அப்போது 15 வயது. வேங்கன் பெரிய உடையணத் தேவர் பிறகு சுமத்திராவின் பென்கூலனுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே இறந்தார். தூத்துக்குடியில் இவர்களுக்குக் காவல் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1818-இல் பினாங்கு வந்தபோது, கூனிக் குறுகிய ஒரு மனிதர் அவர் எதிரே வந்து நின்றிருக்கிறார். யார் என்று கேட்டால் துரைசாமி. முப்பதைத் தாண்டிய வயதில் கிழவர்போல் இருந்திருக்கிறார். வெல்ஷ் தம் நினைவுக் குறிப்பில் இதை மனம் உடைந்து எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது, எங்கள் ஓட்டனும் அந்த 73 பேரில் ஒருவராக இருக்கவேண்டும் என்று எனக்கும் ஆசை வந்தது உண்மை.

ஆனால் கணக்கு இடித்தது. யாரும் தேடலை இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும், காசும் செலவில்லை. அப்பா பிறந்தது 1922. தாத்தா 1890. பூட்டன் 1860 வாக்கில். பூட்டனைப் பெற்ற ஓட்டன் 1802-இல் போர் செய்கிற வாலிபனாக இருந்திருந்தால், மகன் பிறக்கும்போது அவருக்கு எண்பது வயதை ஒட்டியிருக்கும். நடக்காத காரியம். ஒன்று, நடுவில் ஒரு தலைமுறை விட்டுப் போயிருக்க வேண்டும். அல்லது ஓட்டன் வேறொரு காலத்தில் வந்தவராக இருக்கவேண்டும்.

இதைத் தீர்க்க உதவியது என் அத்தை. தொண்ணூறை நெருங்கியவர், பட்டர்வொர்த்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பெரியவர்களிடம் கேட்கும்போது "ஓட்டன் எந்த வருஷம் வந்தார்?" என்று கேட்டால் ஒன்றும் வராது. எப்படி உட்காருவார், என்ன சாப்பிடுவார், எதற்குக் கோபப்படுவார் என்று கேட்டால் வரும். அத்தைக்குத் தன் அப்பாயி, அதாவது எங்கள் பூட்டி, சொன்னது நினைவிருந்தது. பூட்டி மருமகளாக வந்தபோது ஓட்டன் உயிரோடு இருந்தவர். "மாமனாரு தூங்குறப்பகூட முண்டாசை அவுக்க மாட்டாராம்பா. புருவத்த ஒட்டித்தான் கட்டியிருப்பாராம். குளிக்கிறப்ப யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாதாம்."

அத்தைக்கு அது ஒரு கிழவரின் பிடிவாதம், அவ்வளவுதான். நான் படித்திருந்த ஒரு விஷயத்தோடு அது அப்படியே பொருந்தியது. ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் பெயர், குற்றம், தண்டனைத் தேதி ஆகியவற்றைப் பச்சை குத்தும் வழக்கம் வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் இருந்தது. அழிக்கவே முடியாத எழுத்து. அதை மறைக்கத்தான் கைதிகள் தலைப்பாகையை இறக்கிக் கட்டிக்கொண்டார்கள். 1849-இல் சட்டம் போட்டு இந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். ஆக, ஓட்டன் நெற்றியில் எழுத்து இருந்தது என்றால் 1849-க்கு முன்னால் தண்டனை பெற்றவர். பெரும்பாலும் ஆயுள் தண்டனை. தலைமுறைக் கணக்கையும் சேர்த்தால் 1835-க்கும் 1849-க்கும் நடுவில் தேடினால் போதும். கடல்போலக் கிடக்கும் காகிதத்தில் இப்படி ஒரு எல்லை கிடைப்பது பெரிய விஷயம்.

அடுத்தது, எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்பது. இதற்கு நிர்வாக வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் தவறான பெட்டியில் மாதக்கணக்கில் தேடுவீர்கள். 1805-இல் பினாங்கு தனி மாகாணமானது. 1826-இல் மலாக்காவையும் சிங்கப்பூரையும் சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஆக்கினார்கள். 1830-இல் மாகாண அந்தஸ்தைப் பறித்து வங்காளத்தின் கீழ் வைத்தார்கள். 1832-இல் தலைநகர் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. 1867 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசிடமிருந்து பிரிந்து நேரே லண்டனின் கீழ் வந்தது. 1873-இல் இந்தியக் கைதி அமைப்பையே கலைத்துவிட்டார்கள். எனவே 1840-களில் பினாங்குக்கு வந்த கைதியைப் பற்றிய கடிதம் பினாங்கிலேயே முடங்கியிருக்காது. சிங்கப்பூர் கவர்னர், கல்கத்தா, சென்னை என்று மூன்று பக்கமும் போய் வந்திருக்கும்.

நீரிணைக் குடியேற்றங்களின் பழைய ஆவணங்களைக் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், நாம் ஆர்க்கிப் நெகாரா என்று சொல்கிற இடத்தில், நுண்படச் சுருளாக (மைக்ரோஃபிலிம்) பார்க்கலாம். அதே தொகுப்பைச் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பொதுமக்கள் அந்தக் கையெழுத்துப் பக்கங்களைப் படித்துத் தட்டச்சு செய்து உதவவும் வழி வைத்திருக்கிறது. நான் இரண்டையும் பயன்படுத்தினேன். வீட்டில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்க்க இணையம் வசதி. சுருளை ஓட்டிக்கொண்டே போகும்போது முன்னும் பின்னும் உள்ள கடிதங்கள் கண்ணில் படுவது காப்பகத்தில்தான். பட்டர்வொர்த்தில் காலை ரயில் பிடித்தால் மத்தியானத்துக்குள் கோலாலம்பூர் போய்விடலாம். குளிர் அதிகம், சட்டைக்கு மேல் ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள்.

கைதிகள் எல்லாரையும் வரிசையாக எழுதிய ஒரே பதிவேடு கிடைக்கும் என்ற நினைப்போடு போகாதீர்கள். நான் பார்த்தவரை, கப்பல் வந்தபோது கடிதத்தோடு இணைத்து அனுப்பிய பட்டியல்களாக அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடக்கின்றன. எழுத்தும் சும்மா விடாது. எஸ் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதல் எஸ்ஸை நீட்டி எஃப் போல எழுதுவார்கள். ஒவ்வொரு எழுத்தருக்கும் ஒரு கை. நான் செய்தது இதுதான்: நன்றாகப் புரியும் ஒரு பக்கத்திலிருந்து அந்த எழுத்தரின் ஏ முதல் இசட் வரை எழுத்துகளைத் தனித்தாளில் பார்த்து வரைந்து வைத்துக்கொண்டேன். புரியாத சொல் வந்தால் அந்தத் தாளோடு ஒப்பிடுவேன். அலுப்பான வேலைதான், ஆனால் கொஞ்ச நாளில் கண் பழகிவிடும்.

தமிழ்ப் பெயர்கள் படும் பாட்டைச் சொல்லி முடியாது. ஊ என்ற ஒலிக்கு ஓ எழுத்தை இரண்டு தடவை போடுவார்கள். சாமி என்பதற்குள் ஒரு டபிள்யூ நுழைந்துவிடும். ழகரம் வந்தால் ஆர், எல், இசட் மூன்றில் எதுவும் வரலாம். அதனால் தேடும் பெயரை எத்தனை விதமாகக் கெடுத்து எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டுப் படிப்பதும் உதவும். கண்ணுக்குத் தெரியாத பெயர் காதுக்குத் தெரிந்துவிடும்.

ஓட்டனை அப்படித்தான் பிடித்தேன். சென்னையிலிருந்து வந்த ஒரு கப்பலின் பட்டியல். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. இடது ஓரத்தில் எண், அப்புறம் பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், அங்க அடையாளம், தண்டித்த கோர்ட்டு, குற்றம், தண்டனை. உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றேன். ஓட்டனின் பெயர். மதுரை ஜில்லா. வயது 24. இடது முழங்கைக்கு மேலே தீச்சுட்ட தழும்பு, இரண்டு காதிலும் பெரிய துளை. ஆயுள் தண்டனை. குற்றம் என்ற இடத்தில் 'டிட்டோ', அதாவது மேலே உள்ளதேதான், என்று மட்டும் இருந்தது.

மேல் வரியைப் பார்த்தால் அங்கேயும் டிட்டோ. அதற்கு மேலும் அதுவே. முந்தைய பக்கத்தின் கீழ்ப்பகுதிக்குப் போனால்தான் சொல் முழுதாக எழுதியிருந்தது: கூட்டுக் கொள்ளை. ஐந்து பேர், ஒரே கோர்ட்டு, ஒரே தீர்ப்புத் தேதி. பட்டியல்களில் டிட்டோ வந்தால் அதன் தலை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் குறிப்பெடுக்கக் கூடாது. அந்தச் சங்கிலியைப் பிடித்துப் போனதால் குற்றமும் தெரிந்தது, ஓட்டனோடு கூட வந்தவர்களும் தெரிந்தார்கள். அப்போதுதான் அடுத்ததைக் கவனித்தேன். ஓட்டனுக்கு நேர் மேல் வரியில் இருந்தவருக்கும் தகப்பன் பெயர் அதே பெயர், ஊரும் அதே ஊர், வயது 30. ஓட்டனுக்கு ஒரு அண்ணன் இருந்திருக்கிறார். இருவரும் ஒரே கப்பலில் வந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும், ஒரு பேச்சில்கூட, இவரைப் பற்றிச் சொன்னதில்லை.

மதுரைப் பக்கம் அந்தப் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். இவர்தான் எங்களவர் என்று எப்படி உறுதி சொல்வது? தழும்பையும் காதுத் துளையையும் வைத்து ஒன்றும் நிற்காது. நிறுத்தியது நம் வீடுகளில் இருக்கும் பழக்கம்: மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது. பட்டியலில் இருந்த தகப்பன் பெயர் கொஞ்சம் அபூர்வமானது, குலசாமி பெயர். எங்கள் பூட்டனுக்கு அதே பெயர். பூட்டனின் மூத்த பேரனான என் பெரியப்பாவுக்கும் அதே பெயர். ஓட்டன் தன் தகப்பனின் பெயரைப் பினாங்கில் பிறந்த மகனுக்கு வைத்திருக்கிறார். அத்தையின் டிரங்குப் பெட்டியில் ஆயர் ஈத்தாம் பக்கத்து நிலத்துக்கான பழைய பத்திரத்தின் நகல் ஒன்றும் கிடைத்தது. அதில் ஓட்டன் பெயர் தகப்பன் பெயரோடு எழுதியிருந்தது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்திய பிறகுதான் வம்சவரிசைத் தாளில் பேனாவால் எழுதினேன். அதுவரை பென்சில்தான். உங்கள் குடும்பத்திலும் பெயர்கள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வருகிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று ஆவணக்காரர்கள் கையை விரிப்பார்கள். இந்தப் பழக்கம் அந்தக் குறையைப் பெருமளவு ஈடு செய்துவிடுகிறது.

பினாங்கில் அவர் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்பதைக் கைதி விதிமுறைகளிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். கவர்னர் பட்டர்வொர்த் காலத்தில், 1845-இல் திருத்தி எழுதிய விதிகளின்படி கைதிகள் ஆறு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். புதிதாக வந்தவன் விலங்கோடு ரோடு வேலைக்குப் போக வேண்டும். ஒழுங்காக நடந்தால் விலங்கு கழலும், வகுப்பு ஏறும். கைதிகளிலிருந்தே மேஸ்திரிகளைப் பொறுக்கி எடுத்து மற்றவர்களை மேய்க்க விட்டார்கள், அவர்களைத் தண்டல் என்றார்கள். கொத்து வேலை, தச்சு, கொல்லுப்பட்டறை என்று தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். முதல் வகுப்புக்குப் போனவனுக்கு விடுப்புச் சீட்டுக் கிடைக்கும். சிறைக்கு வெளியே தங்கிச் சொந்தமாகப் பிழைத்துக்கொள்ளலாம். எங்கள் ஓட்டன் நிலம் வாங்கும் அளவுக்கு வந்தார் என்றால் இந்தப் படிகளை எல்லாம் ஏறியிருக்கிறார். அவரைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்த ஒரு வரி கொள்ளைக்காரன் என்கிறது. அந்த வரியை எழுதியவன் அவரைப் பூட்டி வைத்தவன். 24 வயதில் எதற்காக அந்த ஐந்து பேரும் சேர்ந்தார்கள், யார் வீட்டில் புகுந்தார்கள், வழக்கில் யார் என்ன சாட்சி சொன்னார்கள் என்பதெல்லாம் அந்த வரியில் இல்லை. குற்றத்தை நான் மறைக்கப் போவதில்லை, மருது படை வீரர் என்று இனிமேல் சொல்லப்போவதும் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை முழு மனிதராக எடுத்துக்கொள்ளவும் நான் தயாராக இல்லை.

ஓட்டியைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை. பத்திரத்தில் அவர் கைநாட்டு ஒன்று இருக்கிறது, பக்கத்தில் 'மேற்படியான் மனைவி' என்று எழுதியிருக்கிறது. பெயர் இல்லை. இங்கே வந்த கைதிகளில் பெண்கள் கொஞ்சம் பேர்தான். ஆண்கள் பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். முஸ்லிம் கைதிகள் சிலரின் பிள்ளைகள் ஜாவிப் பெரானாக்கான் என்ற, இந்திய முஸ்லிம்களும் மலாய்க்காரர்களும் கலந்த குடும்பங்களில் கலந்துபோனார்கள். ஓட்டி இன்னொரு கைதியின் மகளா, மலாய்ப் பெண்ணா, சயாமியப் பெண்ணா என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட என்னிடம் இல்லை. அத்தைக்கு நினைவிருப்பதெல்லாம் அவர் வெற்றிலைப் பெட்டியைத் தவிர வேறு எதையும் தனக்கு என்று வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான். கைதிக்காவது அரசாங்கம் உயரம் அளந்து, தழும்பு எழுதி வைத்திருக்கிறது. அவருக்கு அதுவும் இல்லை. தேடுகிறவர்கள் ஆண் வரிசையோடு நிற்காமல் கோயில் நன்கொடைக் கணக்கு, மாதாகோயில் ஞானஸ்நான ஏடு, பள்ளிவாசல் நிக்காஹ் பதிவு எல்லாவற்றையும் கேட்டுப் பாருங்கள். குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833-இலேயே எழுந்தது, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அதற்கும் முந்தியது. பெண்கள் பெயர் வருவதற்கு வாய்ப்பு அங்கேதான் அதிகம்.

வீட்டில் சொன்னபோது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சித்தப்பா முகம் சுருங்கிவிட்டது. "இத்தனை வருஷமா பெருமையா சொல்லிட்டிருந்தோம், இதப்போயி நோண்டி எடுத்தியாடா" என்றார். பேரப்பிள்ளைகள் காதில் போடாதே என்றும் சொன்னார். அவர் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பட்டியலின் நகலைக் கையில் கொடுத்து, அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருப்பதைக் காட்டியதும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம், "பெரியவரு என்ன ஆனாரு?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இப்போது என் அடுத்த வேலை.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்த ஊருக்கு அனுப்பப்பட்டார் என்று குறித்திருக்கிறது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றுக்கும் கைதிகளைப் பிரித்து அனுப்புவார்கள். ஓட்டனுக்குப் பினாங்கு. அண்ணனுக்கு மலாக்கா. இறங்கிய பிறகு அவர்கள் பார்த்துக்கொண்டார்களா என்று தெரிந்துகொள்ள மலாக்காக் கடிதங்களைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். இன்னொரு பக்கம், வழக்கு விவரத்துக்காகச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நீதித்துறை நடவடிக்கைகளைப் பார்க்க வேண்டும். 1862-இல் உயர்நீதிமன்றம் வருவதற்கு முன்னால் மாகாணத்தின் மேல் குற்றவியல் நீதிமன்றம் ஃபௌஜ்தாரி அதாலத். இவ்வளவு பெரிய தண்டனை என்றால் வழக்கு அங்கே போயிருக்க வேண்டும். தீர்ப்புத் தேதி கையில் இருப்பதால் எந்தத் தொகுதியைக் கேட்பது என்று தெரியும். தேதி இல்லாமல் அங்கே போய் நிற்பதில் பயன் இல்லை.

மலாக்காவில், மூத்த மகனுக்குத் தாத்தாவின் குலசாமிப் பெயரை வைக்கும், மதுரைப் பக்கத்து வேர் கொண்ட பழைய குடும்பம் ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால், அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நெற்றியை மறைத்து முண்டாசு கட்டிய ஒரு தாத்தாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.